ஏழாம் திருவிழாக் காளாஞ்சி

"அன்ரி, ஏழாம் திருவிழாவில காளாஞ்சி வாங்குறது நீங்கள்தானே?"

பஸ் கதவுக்கு வெளியே நின்று யாரோ ஒரு பெண் இப்படிக் கேட்டதும் தவமணிக்குச் சுருக்கென்றது. கடந்த ஒரு கிழமையாக எந்த இடத்தில் நோகிறதோ, அந்த இடத்திலேயே முன்பின் தெரியாத ஒருத்தி வந்து விரலை வைக்கிறாள்!

"வாங்கினது. இப்ப இல்லை" என்றாள். "நீர் ஆர்?"

"சுபாங்கி. ரெக்ஸ்டேலில இருந்து வாறன். யூனிவர்சிற்றியில சரித்திரம் படிப்பிக்கிறன். கோயில் ஒஃபிசில கேட்டனான். மீன்கடைக்குப் பின்னால மஞ்சள் பஸ்ஸில இருப்பா எண்டு சொன்னவை."

தவமணி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் பிற்பகல் இரண்டரை வரை அவளுக்கு வேலையில்லை. மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் பின்பக்கம் பஸ்ஸை நிறுத்தி, முன் சீட்டில் காலை நீட்டி, கோப்பி குடித்தபடி போனில் ஏதாவது பார்த்துக்கொண்டிருப்பாள். புருஷன் போன பிறகு வீட்டைவிட பஸ்தான் அவளுக்கு வசதியாக இருந்தது. வீட்டில் ஒரு நாற்காலிதான் காலி. ஆனால் அது முழு வீட்டையும் அடைத்துக்கொண்டிருந்தது.

"ஏறும்" என்றாள். "பெல்ற் போடத் தேவையில்லை."

சுபாங்கி சிரித்துக்கொண்டே ஏறினாள். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதிருக்கும். தோளில் ஒரு பெரிய பை. பையைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப இல்லை எண்டால் என்ன, அன்ரி? ஏன் இல்லை?"

சொல்லலாமா வேண்டாமா என்று தவமணி யோசிக்கவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருந்தது.

ஊரில் கொன்றையடி முருகன் கோயிலுக்குப் பத்து நாள் திருவிழா. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். ஏழாம் நாள் இவர்களுடையது. ஊர் குலைந்து சனமெல்லாம் கனடாவுக்கு வந்து, மில்லிக்கனில் ஒரு பழைய கிட்டங்கியை வாங்கி அதே முருகனை வைத்தபோது, அந்தப் பத்து நாளும் அந்தப் பத்துக் குடும்பத்தோடேயே வந்து சேர்ந்தன. பூசை முடிந்ததும் ஐயர் உபயகாரரைக் கூப்பிட்டு, வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், சாமியின் கழுத்தில் கிடந்த மாலை எல்லாம் தட்டில் வைத்துக் கொடுப்பார். அதுதான் காளாஞ்சி. சபைக்கு முன்னால் கிடைக்கிற மரியாதை. ஒன்பது குடும்பத்திலும் அதை வாங்குவது ஆண்கள். இவர்களுடைய குடும்பத்தில் மட்டும் பெண். அம்மா வாங்கினாள். அம்மாவுக்குப் பிறகு தவமணி வாங்கினாள்.

"ஏன் பொம்பிளை எண்டு கேட்டிருக்கிறியளோ?"

"பூட்டனார் வேலுப்பிள்ளைக்குப் பெண்பிள்ளையில உயிராம். அவர் தொடக்கின வழக்கமாம். அண்ணை கோயில் மலரில கூட எழுதினவர்."

"பிறகு?"

"பிறகென்ன. இவர் செத்தார். போன வருசம் ஆண்டுத் திவசம் முடியேல்லை எண்டு நான் போகேல்லை. அண்ணையின்ர மகன் அபிஷன் வாங்கினான். ஒரு வருசத்துக்குத்தானே எண்டு நானும் விட்டிட்டன். இப்ப அண்ணை போன் எடுத்துச் சொல்லுறார், இனி எப்பவும் அவன்தானாம். தாலி இல்லாத கழுத்தோட சபையில போய் நிண்டு காளாஞ்சி வாங்கிறது முறையில்லையாம். எனக்குப் பெண்பிள்ளையும் இல்லை, ஒரே மகன், அவனும் கல்கரியில. என்னோட முடியிற வழக்கம்தானே, ரெண்டு வருசம் முந்தி முடிஞ்சால் என்ன எண்டு கேட்கிறார்."

சுபாங்கி பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து பெரிதாக்கிப் பிரதி செய்த நான்கு தாள்களை எடுத்து, ஒரு தாளை முன் சீட்டின் முதுகில் விரித்துப் பிடித்தாள். பழைய கையெழுத்து. புள்ளியில்லாத எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து எறும்புச் சாரை போலப் போயின.

"இது ஆயிரத்தெண்ணூற்றுத் தொண்ணூற்றாறாம் ஆண்டில முடிச்ச உறுதிப் பத்திரம், அன்ரி. யாழ்ப்பாணத்தில உறுதி எழுதின ஒரு நொத்தாரிசின்ர பேரன் பழைய கட்டுகளை எரிக்க முந்தி எனக்குக் காட்டினவர். நான் வாசிக்கிறன், கேளுங்கோ."

அவள் வாசித்தாள்.

"கொன்றையடி செங்கமலமாகிய நான், என் சுயார்ச்சிதமான வயலையும் வளவையும் ஏழாந் திருவிழாவுக்கென்று தருமசாதனம் பண்ணிக் கொடுத்தபடியால், அன்றைய தினக் காளாஞ்சியை என் வழிப் பெண்களில் மூத்தவள் கையிற் கொடுக்கக் கடவது. கொடுக்கும்போது என் பெயரைச் சபை கேட்கச் சொல்லவும். வாங்க வருகிறவளின் கழுத்தைப் பார்க்க வேண்டாம். கையைப் பார்த்துக் கொடுக்கவும்."

கோப்பிக் கோப்பை தவமணியின் கையில் அப்படியே நின்றது.

"திருப்பி வாசியும்."

சுபாங்கி திருப்பி வாசித்தாள். 'கழுத்தைப் பார்க்க வேண்டாம்' என்ற இடம் வந்தபோது தவமணியின் கை தானாகவே தன் வெறுங்கழுத்துக்குப் போயிற்று. நூற்றுச் சொச்ச வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருத்தி, தவமணியின் அண்ணன் போன கிழமை போனில் என்ன சொல்லப் போகிறார் என்று தெரிந்து, அதற்குப் பதில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்!

"இவ ஆர் பிள்ளை? பூட்டனாரின்ர மனிசியோ?"

சுபாங்கி தாளை மெல்ல மடித்தாள். "இவ கலியாணம் கட்டேல்லை, அன்ரி. கோயிலில ஆடினவ. சின்னமேளம்."

தவமணி கோப்பையைக் கீழே வைத்தாள்.

ஊரில் அது பெயரில்லை, வசவு. யாராவது பெட்டை கொஞ்சம் பளிச்சென்று உடுத்திக்கொண்டு ஒழுங்கையால் போனால் 'சின்னமேளம் போகுது' என்பார்கள். வேறு யாரோ என்ன, தவமணியே சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஒருத்தியை அப்படி ஏசி அழவைத்தது இன்னும் ஞாபகமிருக்கிறது.

"பிழையான ஆளிட்ட வந்திட்டீர்" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "எங்கட ஆக்கள் அப்பிடியில்லை."

"நானும் அப்பிடித்தான் நினைச்சன். இந்த உறுதி எங்கேயோ செத்துப்போன கடதாசி எண்டு. அம்மா சமைக்கேக்க யூரியூபில கோயில் லைவ் போட்டுக்கொண்டுதான் சமைப்பா. போன மார்கழி மட்டில பழைய திருவிழா ஒண்டு ஓடிக்கொண்டிருக்குது. நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டன். நிமிர்ந்து பாத்தால் ஒரு பொம்பிளை கையை நீட்டிக் காளாஞ்சி வாங்கிறா. என்ன நாள் எண்டு பாத்தன். ஏழாம் திருவிழா. அதுக்கு முதல் வருசத்தைத் தேடினன். அதுக்கும் முதல் வருசத்தைத் தேடினன். மற்ற நாள் எல்லாம் வேட்டி. ஏழாம் நாள் மட்டும் சீலை. கத்தியைக் கீழ வைச்சிட்டன், அன்ரி."

தவமணி கண்ணாடி வழியே வெளியே பார்த்தாள். மீன்கடைக்காரன் ஐஸ் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தான்.

"உதை எல்லாம் கிண்டி எடுத்து உமக்கென்ன கிடைக்குது?"

"கோபப்படாதேங்கோ. இவையைப் பற்றி இருக்கிற எழுத்தெல்லாம் மற்றவை எழுதினது. கோயிலில ஆட்டத்தை நிப்பாட்டு எண்டு மனு. பேப்பரில வசவு. இப்ப ஒரு கூட்டம், கலை வளர்த்த தெய்வங்கள் எண்டு புகழுது. வைஞ்சாலும் புகழ்ந்தாலும் அவையைக் கதைக்க விடுகினமில்லை. நான் அவை தாங்களே கையெழுத்து வைச்ச கடதாசியைத்தான் தேடுறன். என்ன வாங்கினவை, ஆருக்குக் குடுத்தவை, எதுக்குச் சண்டை பிடிச்சவை எண்டு. இஞ்ச பாருங்கோ."

கடைசித் தாள். அடியில் ஐந்து பெயர்கள். நான்கு பெயர்களுக்கு நேரே பெருக்கல் குறி மாதிரி ஒரு கீறல்.

"சாட்சி வைச்ச நாலு ஆம்பிளையும் கீறல் போட்டிருக்கினம். அதில ஒருத்தர் கோயில் முகாமைக்காரர். கையெழுத்து வைச்சது ஒரே ஒரு ஆள்."

செங்கமலம். வளைவுகள் நிதானமாக, அவசரமில்லாமல், ஒவ்வொரு எழுத்தும் இடம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எழுதத் தெரிந்தவளின் கை. தவமணி அதைத் தொட்டுப் பார்த்தாள். வெறும் அச்சுத் தாள்தான். ஆனாலும் விரலை எடுக்க மனம் வரவில்லை.

"நல்ல மனிசி போல."

"நல்லவ எண்டும் நான் எழுத மாட்டன்" என்றாள் சுபாங்கி. "இந்த உறுதியிலேயே இருக்குது. ஏழு வயதில ஒரு பிள்ளையை வாங்கி, சின்னம்மை எண்டு பேர் மாத்தி, ஆட்டம் பழக்கியிருக்கிறா. அந்தப் பிள்ளை விரும்பினதோ எண்டு கேட்க ஆளில்லை. அதையும் எழுதத்தான் வேணும். உங்கட வழி சின்னம்மையில இருந்துதான் வருது."

சின்னம்மை. அம்மாவின் அம்மம்மாவின் பெயர். சாமியறையில் பெயர் சொல்லி விளக்கு வைப்பாள் அம்மா. படம் இல்லாத பெயர்.

"அப்ப பூட்டனார் கதை?"

"சின்னம்மையின்ர மகளை நல்ல இடத்தில கட்டிக் குடுத்திருக்கினம். அப்ப ஆரோ ஒருத்தி செங்கமலத்தின்ர பேரை விட்டிருக்கிறா. ஆனால் காளாஞ்சியை விடேல்லை. ரெண்டையும் காப்பாத்த ஏலாது எண்டு பட்டிருக்கும். பேரைக் குடுத்திட்டுக் கையைக் காப்பாத்தியிருக்கிறா. நான் ஆறு வருசம் ஆர்க்கைவ் எண்டு அலைஞ்சன், அன்ரி. ஆர்க்கைவ் மில்லிக்கனில பஸ் ஓட்டிக்கொண்டு இருந்திருக்குது."

தவமணிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. தன் இரண்டு உள்ளங்கையையும் மடியில் விரித்துப் பார்த்தாள். இருபத்தைந்து வருடம் ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கைகள். இந்தக் கைகளுக்குள் நூற்று முப்பது வருடத்துக்கு முந்திய ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று யார் நினைத்தார்கள்?

"செங்கமலத்தைப் பற்றி எழுதுவன்" என்றாள் சுபாங்கி இறங்கும்போது. "அவவின்ர ஆக்கள் ரொறன்ரோவில ஆர் எண்டு நீங்கள் ஓம் எண்டு சொல்லாமல் ஒரு சொல்லும் எழுத மாட்டன். உறுதியின்ர பிரதி உங்களிட்ட இருக்கட்டும். அது உங்கட."

அடுத்த ஞாயிறே தவமணி அஜக்ஸில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் காரை விட்டாள். அண்ணன் சச்சிதானந்தன் நல்ல மனுஷன்தான். தவமணி கனடா வந்த முதல் குளிரில் தன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தவர். ஆனால் சபை, மரியாதை என்று வந்தால் மட்டும் அவருக்கு முதுகு நேராகிவிடும்.

உறுதியை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"உதை வேற ஆருக்கும் காட்டினியோ?"

"இல்லை அண்ணை. ஆனால் எழுதிக் கிடக்குதெல்லே. கழுத்தைப் பார்க்க வேண்டாம் எண்டு. அப்ப எனக்குத்தானே உரிமை?"

"உரிமைதான்." அவர் தாளை மேசையில் வைத்து அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். "நல்லா யோசிச்சுப் பார் தவம். உனக்கு உரிமை தாற கடதாசியும் உதுதான். எங்களைச் சந்தியில நிப்பாட்டிற கடதாசியும் உதுதான். நீ உதைக் காட்டினால் காளாஞ்சி உனக்கு. ஆனால் அடுத்த நிமிசம் இந்த ஊர் முழுக்க நாங்கள் ஆர் எண்டு தெரியும். காட்டாட்டில் அபிஷன் வாங்குவான். மானம் மிஞ்சும். எது வேணும் எண்டு நீயே சொல்லு."

தவமணிக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

அபிஷன் ஃபிரிட்ஜைத் திறந்து நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தான். இருபத்திநாலு வயது. ஸ்காபரோவில் பிறந்தவன்.

"வெயிற், அப்பா. அவா ஒரு ஆர்ட்டிஸ்ற். சொந்தமா லாண்ட் வச்சிருந்தவா. வாட்ஸ் த ப்ராப்ளம்?"

"உனக்கு விளங்காது. வாயை மூடு."

"மாமிக்கு விளங்குதே?"

"மாமிக்கும் இன்னும் விளங்கேல்லை" என்றார் சச்சிதானந்தன். "வீட்ட போய் யோசிக்கட்டும்."

யோசித்தாள். ஐந்து கிழமை யோசித்தாள். பள்ளிக்கூடம் மூடி, பஸ்ஸும் யார்டுக்குப் போய்விட்டது. வீட்டு மேசையில் அந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டு இருந்தாள். இதை எழுதும்போது இவளுக்குப் பயமே இருந்திருக்காதா? நான்கு ஆண்கள் சுற்றி நின்றிருப்பார்கள். வெளியே போய் என்ன பேசுவார்கள் என்று தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டுதான், என் பெயரைச் சபை கேட்கச் சொல்லவும் என்று எழுத வைத்தாளா? மறைத்து வாழக் கற்ற ஒருத்தி இப்படிக் கேட்கமாட்டாள். அந்த மறைப்பு பின்னால் வந்தவர்களுடையது. அவளுடையதில்லை.



ஏழாம் திருவிழா அன்று கோயிலுக்குள் நிற்க இடமில்லை. ஆடி வெயிலில் தகரக் கூரை கொதித்தது. தவில் அடித்து ஓய்ந்தது. முருகன் வாசலுக்கு வந்து, தீபம் காட்டி முடிந்தது. தவமணி நாவல் நிறச் சீலை உடுத்து, பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் நின்றாள். கடைசி வரிசையில் சுபாங்கி நின்றாள். அவளிடமும் தவமணி ஒன்றும் சொல்லவில்லை. என்ன செய்யப் போகிறாள் என்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை.

கோயில் தலைவர் விநாயகமூர்த்தி மைக்கைப் பிடித்தார்.

"இன்றைய உபயகாரர், அமரர் வேலுப்பிள்ளை பரம்பரையைச் சேர்ந்த திரு. சச்சிதானந்தன் குடும்பத்தினர். அவர்கள் சார்பில் மகன் அபிஷன் காளாஞ்சி பெற்றுக்கொள்வார்."

ஐயர் தட்டோடு வந்தார். அபிஷன் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முன்னே போனான். இரண்டு அடி வைத்து நின்றான். திரும்பிப் பெண்கள் பக்கம் பார்த்தான். பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கு வழி விடுகிற மாதிரி ஒரு பக்கம் ஒதுங்கினான். அவ்வளவுதான்.

அந்த இடைவெளியைக் கண்டதும் தவமணியின் கால்கள் நடந்தன. எப்படி வரிசையைக் கடந்தாள் என்று பிறகு கேட்டபோது அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. ஐயருக்கு முன்னால் போய் நின்றாள்.

ஐயர் இளம் ஆள். ஊரிலிருந்து வந்து மூன்று வருடம். அவருடைய கண் பழக்கத்தால் அவளுடைய கழுத்துக்குப் போயிற்று. தட்டு அவருடைய நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது.

"அம்மா... மகன் வாங்கட்டுமே."

"ஐயா, கழுத்தைப் பாக்காதேங்கோ" என்றாள் தவமணி. "கையைப் பாருங்கோ."

இரண்டு கையையும் விரித்து நீட்டினாள்.

விநாயகமூர்த்தி மைக்கோடு ஓடி வந்தார். "தங்கச்சி, இது என்ன புது வழக்கம்? சபையில குழப்பம் வேண்டாம்."

"புதுசில்லை அண்ணை. எழுதி வைச்ச வழக்கம்."

"ஆர் எழுதினது?"

இதோ வந்துவிட்டது. அவர் மைக்கைக் கீழே இறக்க மறந்துவிட்டார். கேள்வி கோயில் முழுக்கக் கேட்டது. தவமணி அண்ணனைப் பார்த்தாள். தூணோடு நின்ற சச்சிதானந்தன் 'வேண்டாம்' என்று மெல்லத் தலையசைத்தார். அந்த முகத்தில் கோபமில்லை, பயம்தான் இருந்தது. பாவமாக இருந்தது அவளுக்கு. ஆனால் நீட்டிய கையை மடக்க முடியவில்லை.

"கொன்றையடி செங்கமலம்" என்றாள். "முருகனுக்கு முன்னால ஆடின மனிசி. ஏழாம் திருவிழாவுக்கு வயலும் வளவும் எழுதி வைச்சவ. தன்ர பேரைச் சபை கேட்கச் சொல்ல வேணும் எண்டு கையெழுத்து வைச்சவ. வேலுப்பிள்ளை இல்லை. அவதான். நான் அவவின்ர வழி."

முன்வரிசையில் யாரோ "ஆ!" என்றார்கள். "சின்னமேளமோ?" என்று ஒரு முணுமுணுப்பு பெண்கள் பக்கத்தில் எழுந்து, வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. ஆண்கள் பக்கத்தில் ஒருவர் சிரித்தார். யாரும் சேர்ந்து சிரிக்காததால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

ஐயர் அவளுடைய கைகளைப் பார்த்தார். நடுங்காமல் நின்ற கைகள்.

"பேரை இன்னொருக்கால் சொல்லுங்கோ, அம்மா."

"செங்கமலம்."

ஐயர் கண்ணை மூடி ஏதோ மந்திரம் தொடங்கினார். விளங்காத சொற்களுக்கு நடுவில் அந்த ஒரு சொல் மட்டும் தெளிவாக விழுந்தது. செங்கமலம். மைக் அதைப் பிடித்துக் கூரைக்கு எறிந்தது. கூரை திருப்பிச் சபைமேல் எறிந்தது. எத்தனை வருடத்துக்குப் பிறகு? எண்பதா, நூறா? தவமணி முருகனை நிமிர்ந்து பார்த்தாள். அவனுக்கு இந்தப் பெயர் தெரியாததா என்ன? இத்தனை பேரில் அவன் ஒருவன்தானே அவள் ஆடக் கண்டவன்!

தட்டு அவளுடைய கையில் இறங்கியது. வழக்கத்தைவிடக் கனத்தது. கடைசி வரிசையில் சுபாங்கி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தவமணி அவளைப் பார்த்து, எல்லோரும் காண, ஓம் என்று தலையாட்டினாள்.

கார் பார்க்கிங்கில் சனம் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தி, கடந்த பிறகு தொடங்கியது. இனி இது கொஞ்சக் காலத்துக்கு இருக்கும். இரண்டு பேர் வழமையாகச் சொல்லும் 'போட்டு வாறம்' சொல்லாமல் போனார்கள். ஒரு பெண் மட்டும், யாரென்றே தெரியாது, ஓடி வந்து தட்டிலிருந்து ஒரு பூவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

சச்சிதானந்தன் தன் காரில் சாய்ந்து நின்றார். ஏசப் போகிறார் என்று நினைத்துத் தவமணி கிட்டப் போனாள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தவம்" என்றார் கடைசியில். "அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

"தெரியாது எண்டுதான் நினைக்கிறன், அண்ணை."

"திருவிழாவுக்கு வெளிக்கிடேக்க உன்னைக் கூப்பிடுவா. 'கையைக் காட்டு பிள்ளை' எண்டு ரெண்டு கையையும் பிரட்டிப் பாப்பா. ஊத்தை இருக்குதோ எண்டு பாக்கிறா எண்டு நினைச்சன்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சன்."

"என்ர கை எப்பவும் ஊத்தையாத்தான் இருக்கும்" என்றார் சச்சிதானந்தன். "என்ர கையை அவ ஒருநாளும் பாத்ததில்லை."

தவமணி தட்டை அவர் பக்கம் நீட்டினாள். அவர் சால்வையைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரு வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றினார்.